கறுப்புக் கோப்பையில் ஆறாவது பியர்

மார்ச் 3, செவ்வாய்

பிற்பகல் முழுக்க ஆறாம் தொட்டியின் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவினேன். முதுகு விட்டுப்போச்சு. இரண்டு வருடமாக இந்த பியர் ஆலையில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு தொட்டிதான். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாத பார்லி. அதைக் கருகிவிடாமல், ஆனால் நன்றாக வறுத்து எடுப்பதால் பியருக்குக் கடுங்காப்பி நிறம் வந்துவிடுகிறது. வாயில் வைத்தால் அவ்வளவு மென்மை. பார்ப்பவர்கள்தான் நம்புவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் கடைசி.

இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ருசி மேசை. கடையில் வாங்கிய இயற்கை பியர் ஐந்து, எங்களுடையது ஒன்று. ருசி பார்க்க ஐந்து பேர்: முதலாளியம்மா, விற்பனைக்காரர், கிடங்குக்காரர், நான், அப்புறம் மாஸ்டர். ஆலையின் எல்லாத் தொட்டிகளுக்கும் தலைவர் அவர். வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருடச் சட்டம். ஆகவே என்னுடையது எப்போதும் ஆறாவது கண்ணாடிக் கோப்பை.

"நிறம் ஜோரா இருக்கும்மா. குடிச்சா தண்ணி" என்றார் மாஸ்டர்.

முதலாளியம்மா சுற்றி வளைக்கவில்லை. "இருபதாம் தேதியும் கடைசின்னா ஆறாம் தொட்டியில வழக்கமான பியரையே போட்டுடலாம். நீ பழையபடி பாட்டில் பிரிவுக்குப் போயிடு."

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்கும் அது தண்ணீராகத்தான் இருந்தது. காலையில் தொட்டியிலிருந்து பிடித்துக் குடித்தபோது அப்படி இல்லையே! ரெண்டு மணி நேரத்துல என்ன ஆச்சு? என் நாக்கு என்னையே ஏமாத்துதா?

மார்ச் 7, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். அக்கா கணக்கு டீச்சர், முகத்துக்காகப் பேசத் தெரியாதவள். நான் ஆசையாக வாங்கிய சோபாவைப் பார்த்து, "பல் டாக்டர் வீட்டு வாசல்ல போட்டிருப்பாங்களே, அதுவா?" என்று கேட்டவள். ஒன்றைத் திறந்து இரண்டு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்குடி. இதையா கடைசின்னாங்க? அவங்களுக்கெல்லாம் நாக்கு இருக்கா இல்லையா?"

அழுதுவிட்டேன். அக்கா பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் சமாதானப்படுத்த வந்தாள்.

மார்ச் 9, திங்கள்

சாயங்காலம் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு பாட்டிலைத் திறந்தேன். சப்புனு இருக்கு. தண்ணியக் கிண்ணிய கலந்துட்டியா?"

ஒரே தொட்டி. ஒரே நாளில் அடைத்த பாட்டில்கள்.

"இதுக்கு முன்னாடி என்ன குடிச்ச?"

"உன் அத்தான் வாங்கிட்டு வந்த பியர்ல ரெண்டு வாய். கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு கசப்பு."

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். படித்தாள். எங்கள் மேசையில் ஐந்தாவதாக வருகிற அதே பியர்!

கடையில் வாங்கும் ஐந்திலும் அதுதான் நிறம் கூடியது, அதுதான் கசப்பும் அதிகம். அதைக் குடித்து முடித்த வாயில்தான் ஒவ்வொரு முறையும் என்னுடையதை ஊற்றுகிறோம். மாஸ்டர் கண்ணால் வரிசை போட்டுவிட்டு நாக்கால் தீர்ப்புச் சொல்கிறார். போனைப் பிடித்துக்கொண்டே குதித்தேன்.

"என்னடி சத்தம், வீடு இடியுதா?" என்றாள் அக்கா.

மார்ச் 10, செவ்வாய்

முதலாளியம்மா அறையில் மாஸ்டரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நடுவுல ரொட்டியக் கடிச்சுத் தண்ணி குடிக்கிறோமே, அப்புறமும் கசப்பு ஒட்டிக்கிட்டா இருக்கும்? இருபது வருஷமா என் நாக்கை அடகு வச்சுட்டா உக்காந்திருக்கேன்?"

"உங்க நாக்குல ஒரு குறையும் இல்ல மாஸ்டர். வரிசையிலதான் கோளாறு."

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ! ஒருமுறை நான் சொல்கிறபடி செய்து பார்க்கலாம் என்றார் முதலாளியம்மா. நிறம் தெரியாமல் இருக்க உள்ளே கறுப்பான பீங்கான் கோப்பைகள். ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்கி வேறு வேறு வரிசை. பக்கத்து அறையில் வரவேற்பறைப் பெண் ஊற்றி, அடியில் எந்தப் பியர் என்பதற்கு எண் ஒட்டி அனுப்புவாள்.

மார்ச் 19, வியாழன்

வரிசையை மாற்றியும் கடைசி என்றால்? சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!

நிதானமாக எழுதுகிறேன். நாலு பேர் முதலிடம் கொடுத்தது எனக்கு. கொடுக்காத அந்த ஐந்தாவது ஆள் யார் என்றால், நான்தான். எலுமிச்சை வாசம் அடித்த ஏதோ ஒன்றுக்கு முதலிடம் கொடுத்து, என்னுடையதை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன். "பெத்தவளுக்கே அடையாளம் தெரியலையே!" என்று முதலாளியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பரவாயில்லை. நேர்மையாகத்தானே குடித்தேன்.

எல்லாருடைய தாளையும் முதலாளியம்மாதான் வாசித்தார். மாஸ்டரின் தாளில், முதலிடத்துக்கு நேரே: "இதைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்."

அதற்குப் பிறகுதான் கோப்பையைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்கள். மாஸ்டர் அந்தக் கோப்பையை எடுத்து மீதியையும் குடித்தார். பிறகு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். கையை நீட்டினார்.

"எழுதிட்டேன். அப்புறம் என்ன, குடும்மா கைய" என்றார்.

சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று ஏழாம் தொட்டியிலும் என் பார்லி. எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று மாஸ்டரே வந்து கேட்டார். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

போகும்போது, அன்றைக்கு எழுதிய தாள் என்னிடம் இருக்கிறதா, திருப்பித் தர முடியுமா என்று மெல்லக் கேட்டார். எங்கேயோ தொலைந்துவிட்டது மாஸ்டர் என்றேன்.

இந்தப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறேன்.