பாட்டில் நின்றுபோன பேச்சு

உன் மகள் இன்று காலை உன் பாடகர் குழுச் சேலையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலை. பையைப் பிரித்ததும் அந்துருண்டை மணம் முகத்தில் அடித்தது. "அம்மா நெனப்பா நீங்களே வச்சுக்கிடுங்க அத்தை" என்று போனில் சொன்னாள். நல்ல பிள்ளை, அவளிடம் என்ன சொல்ல முடியும்? சேலையைப் பின்பக்கக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன்னை நினைக்க எனக்குச் சேலை வேண்டியதில்லை. உன்னை ஒரு நாளும் நான் மறக்கவில்லை. மன்னிக்கவுமில்லை.

நீ போனபின் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். சபையில் சண்டை வராமல் காத்தவளாம் நீ. எப்படிக் காத்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் நாம் ஒரே பெஞ்சு. பாட்டு சொல்லிக்கொடுத்த சிஸ்டர் உன்னை முதல் குரலில் நிறுத்தினார், என்னை இரண்டாம் குரலில். "முதல் குரல் எடுத்தால் இரண்டாம் குரல் யோசிக்கக் கூடாது, சேர்ந்துவிட வேண்டும்" என்று ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்தது. கல்யாணம் வந்தது, என் கணவரின் அடக்கம் வந்தது. ஞாயிறு காலை மட்டும் மாறவில்லை. நீ எடுப்பாய், நான் சேர்வேன். எந்த இடத்தில் நீ மூச்சு இழுப்பாய் என்பது உன் வீட்டுக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் சபைப் பெரியவர் நடத்தும் பள்ளியில் நான் கணக்கராக இருந்தேன். தலை கறுத்திருந்தபோது சேர்ந்தவள். கணினியில் கட்டணம் வாங்கும் ஏற்பாடு வந்த வாரமே, "நாளைலேருந்து நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் தாளாளரான அந்தப் பெரியவர். சிரித்துக்கொண்டே சொன்னார். பணிக்கொடையைப் பற்றிக் கேட்டேன். "பாப்போம்" என்றார். அந்தப் பார்ப்போம் இன்னும் பார்த்து முடியவில்லை.

வாடகை நின்றது. வீட்டுக்காரர், மேலப்பாளையத்து பாய், கெட்டவர் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா நெனைக்காதீங்கம்மா, மக நிக்காஹ் வருது. இந்த மாசமும் வரலைன்னா வேற ஆளுக்குத்தான் விடணும்" என்றார். அன்று மாலை நீ வந்தாய். சபையின் உதவி நிதிக் கமிட்டியில் நீ இருந்தாய். வேலை போனவர்களுக்கு வாடகைக்கென்று அதில் கொடுப்பதுண்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: பணத்தை நேராக பாயிடம் கொடுத்துவிடுங்கள், என்னை முன்னால் கூப்பிட வேண்டாம்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ பேசாம ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வா" என்றாய்.

வந்தேன். ஆராதனை முடியும் நேரத்தில் என் பெயரை வாசித்தார்கள்.

நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடும்போது முதல் பூசணிக்காயை எடுத்தவர்தான் அந்த ஆண்டு உதவிக் கவர்களைத் தம் கையால் கொடுப்பார். வாங்குகிறவர் மைக்கில் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். காய்ச்சலாகக் கிடந்ததால் அந்த ஏலத்துக்கு நான் வரவில்லை. முதல் பூசணிக்காயை யார் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. குருவானவர் பக்கத்தில் கவரோடு நின்றவர் என் தாளாளர்.

திரும்பிப் போயிருக்கலாம். போனால் வீடு போகும். நடந்துபோய் வாங்கினேன். அவர் சிரித்தார், அன்று அலுவலகத்தில் சிரித்த அதே சிரிப்பு. மைக்கைப் பிடித்தேன். "இந்த உதவிக்குச் சபைக்கு நன்றி. ஐயாவுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. இத்தனை ஆண்டு உழைத்ததற்கு எனக்கு வரவேண்டிய பணிக்கொடையை நீங்கள்..."

நீ பாட்டை எடுத்தாய்.

பாடகர் குழுவின் இடத்திலிருந்து, ஆர்கன்கூட இல்லாமல், உச்சக் குரலில். பாட்டு கேட்டால் எழுந்து நிற்கிற சபை. மொத்தமும் எழுந்தது. அதுகூடப் பெரிதில்லை. என் வாய் சேர்ந்துகொண்டது. மைக் கையில், கவர் மறு கையில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று நான் இரண்டாம் குரல் பாடினேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரி பாதியில்தான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லாருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. என்ன அழகான சமாதானம்!

என் வாய் சேரும் என்று நீ அறிவாய். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

கோயில் கேட்டில் உன்னைப் பிடித்தேன். "என் வாயை மூட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்றேன்.

"ஏளா, பைய பேசு. நான் பாட்டு எடுக்கலைன்னா நீ எதுல கொண்டுபோய் நிறுத்தியிருப்ப? அவுக அடுத்த வருசம் காணிக்கையை நிறுத்திட்டா எத்தன வீட்டுக்கு வாடகை நின்னுபோவும்?"

"என்னை வைத்து அவருக்கு மாலை போட்டாய்."

"நீயும் சேந்துதானே பாடுன?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாய்.

பாய்க்கு வாடகை கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அது சபையார் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தது. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை நானும்தான் அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் பணிக்கொடை கேட்டுப் பள்ளிக்குப் போனால், "அதான் கோயில்ல வச்சே கவர் குடுத்து எல்லாம் முடிஞ்சுபோச்சே, நீங்களும் பாடிட்டுத்தானே போனிய" என்கிறார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கவரில் இருந்தது சபைப் பணம், தாளாளர் கொடுத்ததல்ல என்று ஒரு வார்த்தை வந்து சொல்லும்படி உன் வீட்டுக்கே வந்து கேட்டேன். அதற்குமுன் நான் யார் வாசலிலும் அப்படி நின்றதில்லை. உனக்கு அப்போதே உடம்பு சரியில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, "கோயில் காரியத்தக் கோர்ட்டு கச்சேரின்னு கொண்டு போவாதளா" என்றாய். ஒரு தம்ளர் காப்பி கொடுக்கச் சொன்னாய். குடிக்காமல் வந்தேன்.

அதுதான் கடைசி. உன் அடக்கத்துக்கு வந்தேன். வராமல் இருப்பது மரியாதையில்லை. தாளாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். உன் மகள் என்னைப் பாடச் சொன்னாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் குரல் இல்லாமல் உன்னைக் குழியில் இறக்கினார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்று எழுதினால் குருவானவர் வருந்துவார். இருந்தது.

வரும் வாரம் விசாரணை. வக்கீல் வைக்க வசதியில்லை; நானே பேச வேண்டும். அன்று நின்றுபோன வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். தினமும் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். "எனக்கு வரவேண்டிய பணிக்கொடையை நீங்கள்" என்ற இடம் வந்ததும் குரல் தானாக நின்றுவிடுகிறது. மூச்சு முட்டவில்லை, பயமும் இல்லை. நீ எடுப்பாய் என்று தொண்டை காத்திருக்கிறது. இவ்வளவு கோபத்தாலும் அதை மாற்ற முடியவில்லை.

நீ எடுக்கமாட்டாய் என்று அதற்குச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.