கண்ணாடி கழற்றிய பேச்சு

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் எனக்கு நாக்குக் குழறும். அதனால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்:

1. ஞாயிற்றுக்கிழமை நான் பேசியது என் கருத்தல்ல.
2. ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த உன் மனத்தைக் கலைத்தவன் நான்.
3. ஆகவே நீ மறுபடியும் தேதி வாங்க வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே நீ ஒரு பக்கம் பேசினால் நான் எதிர்ப்பக்கம். மனத்தில் இல்லாததைப் பேசுகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்பது நம் சட்டம். "இதய வால்வை மாத்திக்கலாம்னு இருக்கேண்ணா" என்று நீ சொன்னதும், பழக்கதோஷம், கழற்றி வைத்துவிட்டேன். போனில் உனக்கு அது தெரியாதே என்று உறைக்கவில்லை. "இந்த வயசுல எதுக்கு இந்த வம்பு? மாத்திரையிலேயே ஓட்டிடலாமே" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அலுவலகத்தில் ஒருவரையும் மறுத்துப் பேசாதவன். என் வீரமெல்லாம் உன்னிடம்தான்.

நேற்று உன் மகள் கூப்பிட்டாள். "மாமா, அம்மா ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. தள்ளிப்போடவே கூடாதுங்கறார் டாக்டர். நீங்க என்னதான் சொன்னீங்க?"

தேதி வாங்கு, அம்மா.

உன் அண்ணன்

ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

கடிதத்தில் மட்டும் முகம் தெரிகிறதாக்கும்? இதை எழுதும்போது உன் கண்ணாடி எங்கே இருந்தது?

அன்றைக்கு என் கண்ணாடியும் மேசைமேல்தான் இருந்தது. எனக்கு ஆபரேஷன் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்று பயம். பெண்ணிடம் சொல்ல வெட்கம். நான் "பண்ணிக்கறேன்" என்றால் நீ "வேண்டாம்" என்பாய் என்று தெரிந்துதான் அப்படிப் பேசினேன். "அண்ணனே வேணாங்கறார்" என்று அவளிடம் சொல்லியாயிற்று. இதோடு விட்டுவிடு. பதில் எழுதாதே.

வாயாடி

ஜூன் 12

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருக்கிறது, நனைந்துபோய்.

வியாழக்கிழமை வண்டி ஏறுகிறேன். தனியாக வரப் பயம்தான். இருந்தாலும் வருகிறேன். உன் எதிரில் உட்காருவேன். வேண்டாம் என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல். வாதாட மாட்டேன். பண்ணிக்கொள்வதாக இருந்தால், மயக்கம் தெளிகிறவரை கதவுக்கு வெளியே நாற்காலியில் இருப்பேன். நீ போய்விட்டால் நான் எதிர்ப்பக்கம் பேச யார் இருக்கிறார்கள்?

முதல் பாயிண்டும் மூன்றாவதும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவது தவறு. உன் மனத்தை நான் கலைக்கவில்லை, அம்மா. அதில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை.

அண்ணன்