ஒன்றும் ஆகவில்லை என்றார்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அக்காவும் அவள் மகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அங்கே குளிர் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இருபத்தாறு வருடமாக அலுவலகத்தில் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுப் பிழைக்கிறவள் நான். ஒருவர் ஹலோ சொல்வதை வைத்தே கோபமாக இருக்கிறாரா, அழுதுவிட்டுப் பேசுகிறாரா என்று சொல்லிவிடுவேன். நான்கு மாதமாக உன் ஹலோ சரியில்லை. முன்பெல்லாம் உன் கிடங்கு சூப்பர்வைசரைத் திட்டாமல் போனை வைக்க மாட்டாய், இப்போது யாரையுமே திட்டுவதில்லை. யாரையும் திட்டாத பிள்ளையை நான் பெறவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் உன்னைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அப்பாவைப் பற்றி உன்னிடம் மறைத்ததைச் சொல்லியாக வேண்டும். பதறாதே, இப்போது தேவலை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "எழுது, அவனுக்கும் தெரியட்டும்" என்றார்.

போன வருடக் கடைசியில் ஒரு நாள் அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குக் குறுக்கே சந்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்துவிட்டான். அப்பா பிரேக் போட்டார், அவனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து மன்னிக்கச் சொல்வதுபோல் கையைத் தூக்கிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டிப்போவில் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அப்பா சொன்னார், நானும் "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பை எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, நானும் மறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லலாமே என்று என் போர்டிலிருந்து டிப்போவுக்கு லைன் போட்டேன். அங்கே இருந்த டைம் கீப்பர், "அவர் பத்தொன்பது நாளா லீவுல இருக்காரேம்மா, உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று என்னையே கேட்கிறார். பழக்கதோஷம், "நன்றி, தெரிவிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்தொன்பது நாளும் சீருடையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, கேட்டால் நல்லா இருக்கேன், வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போய் நூலகத்தில் பேப்பர் படிக்கிற அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். சாயங்காலம் கேட்டபோது, "சீட்ல ஏறி உக்கார்றேன், சாவியைத் திருப்பக் கை வரமாட்டேங்குது" என்றார், அவ்வளவுதான். எனக்கு வந்தது கோபம், ஒத்துக்கொள்கிறேன், கன்னாபின்னாவென்று கத்தினேன். பிறகுதான் உறைத்தது, ஊரார் குரலையெல்லாம் கண்டுபிடிக்கிற என் காது பக்கத்தில் இருந்தவரின் குரலைக் கோட்டை விட்டிருக்கிறது.

டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், மாத்திரை கொடுத்தார், மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார், ஆலோசகரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை என்ன செய்வது? சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த நம்பர்களை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒன்று இப்போது கட்டில் மெத்தைக் கடை, அந்தப் பையன் பாவம் நல்ல தூக்கம் வர மெத்தை இருக்கிறது என்றான். இன்னொன்றில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள், ஊரையே லைனில் காக்க வைத்தவளுக்கு நல்ல தண்டனை. ஐந்தாவது நம்பரில் ஒரு பெண்மணி எடுத்தார். மனக் கஷ்டத்தில் இருந்து மீண்டவர்களும், மீண்டுகொண்டிருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் வாரம் ஒரு முறை கூடிப் பேசுகிற குழு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி, யாருக்கு வேண்டும் என்று கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் ஆபீஸில் ஒருத்தருக்கு என்றேன். சரி, அவர் சாப்பிடுகிறாரா என்றார், பாதி வைத்துவிடுகிறார் என்றேன். தூங்குகிறாரா என்றார், "எங்கே தூங்கறார், தூக்கத்துலயும் பிரேக்கை மிதிக்கிறார், என் கால்தான் வீங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "உங்க ஆபீஸ்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவர் வரலைன்னாலும் நீங்க வாங்க" என்றார்.

அப்பா எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். நான் போகிறேன், நீங்கள் துணைக்கு வாசல் வரை வாருங்கள் போதும் என்றேன். அப்போது அவர் பஸ்ஸில் ஏறவே மாட்டார், அதனால் முக்கால் மணி நேரம் நடந்தோம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய வகுப்பறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாகத் தேநீர்க் கெண்டி, அவ்வளவுதான் இடம். குழுவை நடத்துகிறவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். "நான் டாக்டர் இல்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், இதே குழியில விழுந்து ஏறினவன், வழி தெரியும், அவ்வளவுதான்" என்றுதான் எல்லோரிடமும் ஆரம்பிப்பார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பழக்கத்தில் "ஒரு நிமிஷம், கனெக்ட் பண்றேன்" என்று வாயில் வந்துவிட்டது. அறையே சிரித்தது, நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா.

மூன்று வாரம் அப்பா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நாலாவது வாரம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "போர்டுல நாலு மணின்னு போட்டிருக்கு, இப்ப நாலு பன்னிரண்டு, பஸ்ஸா இருந்தா ஜனங்க சும்மா விடுவாங்களா?" என்று சண்டைக்கு நின்றார். முடிதிருத்தும் கடைக்காரர் அசரவில்லை. அப்போ நீங்களே டைம் பாருங்கள், ஒருத்தருக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் டைம் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? அன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியை தன் அக்கா இறந்ததைச் சொல்லித் தேம்பிக்கொண்டிருந்தார், இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "டைம் ஆச்சு, அடுத்தவங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த ஆசிரியைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், இரண்டு வருடத்தில் தன்னை யாரும் இப்படிச் சாதாரண மனுஷியாக நடத்தவில்லை என்றார். அப்பா காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அடுத்த வாரம் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவராகவே பேசினார். அந்த சைக்கிள்காரன் கையைத் தூக்கியதைச் சொன்னார். அரை நொடி தாமதித்திருந்தால் அந்தக் கை இருந்திருக்காது என்றார். "ஒண்ணும் ஆகலைன்னு எல்லாரும் சொல்றாங்க, அவனுக்குத்தான் ஒண்ணும் ஆகலை, எனக்கு ஆயிடுச்சு" என்றார். முப்பத்தைந்து நிமிடம் பேசினார், கடிகாரம் அவர் கையிலேயே இருந்தது, ஒருவரும் டைம் சொல்லவில்லை. கடைசியில் கடைக்காரர் நேராகக் கேட்டார், உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று. இதை எல்லாம் வாய்விட்டுக் கேட்பார்களா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நாள் தோணிச்சு" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன் கண்ணா. முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு அதை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வெளியே வந்ததும் கடைக்காரரிடம் போய், இப்படிக் கேட்டு நீங்களே நினைவுபடுத்தலாமா என்று சண்டை பிடித்தேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது அம்மா, கேட்காவிட்டால்தான் ஒருவர் தனியாக அதைச் சுமந்துகொண்டு திரிவார் என்றார்.

இப்போது ஆலோசகரையும் பார்க்கிறார், மாத்திரையும் தொடர்கிறது. டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பஸ் இன்னும் ஓட்டவில்லை, ஓட்டாமலே போனாலும் போகட்டும். போன வாரம் முதல் தடவையாகப் பஸ்ஸில் ஏறிக் குழுவுக்குப் போனோம், வழி நெடுகப் பின் சீட்டிலிருந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார், முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அக்கா மகளுக்கு மேலே இரண்டு பல் முளைத்திருக்கிறது, பார்க்கிறவர்களை எல்லாம் கடிக்கிறாள்.

இனி உன் விஷயம். குழுவில் விசாரித்து, நீ இருக்கும் ஊரிலும் இப்படி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நானே போன் போட்டேன். யாருக்கு என்று கேட்டார்கள், என் மகனுக்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மொழி பேசுகிற ஒருவர் வருகிறாராம். விலாசமும் நேரமும் தனிச்சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். சீட்டில் மேலே இருப்பது எந்த நேரமும் எடுக்கிற அவசர நம்பர். நானே போட்டுப் பார்த்துவிட்டேன், மெத்தைக் கடை இல்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம், தூரத்திலிருந்து உன் காதைப் பிடித்து இழுக்க என்னால் முடியாது. ஆனால் அன்றைக்குக் குழம்பை எடுத்து வைத்ததுபோல் இன்னொரு தடவை இருக்க மாட்டேன். அதனால் கேட்கிறேன், உனக்கு அப்படி ஏதாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அந்த மேல் நம்பருக்கு உடனே பேசு, என்னிடமும் பேசு, வேலை நேரமானாலும் போர்டில் எல்லா லைனையும் நிறுத்திவிட்டு உன்னிடம் பேசுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, விடுமுறை நாளில் அறையை விட்டு வெளியே கொஞ்சம் நட. நீ நன்றாக, நீண்ட நாள், வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் இந்த அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, சனிக்கிழமை காலை உன் நேரம் பத்து மணிக்கு அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். எப்படி இருக்கே என்று கேட்பார். நல்லா இருக்கேன் என்று வேண்டுமானால் என்னிடம் சொல்லு, அக்காவிடம் சொல்லு, அவரிடம் மட்டும் சொல்லாதே. சீருடை மாட்டிக்கொண்டு தினமும் அதை எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கும்
அம்மா