இழுத்துக் கட்டிய முகம்

அன்புள்ள நாயோங்குக்கு அம்மா எழுதுவது. டொரண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே ஜொன்ஜுவில் நானும் சௌக்கியம், என் முகம் மட்டும் இப்போதுதான் தேறி வருகிறது. கொஞ்ச காலமாக வீடியோ காலில் வராமல் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, கேமராவுக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா அறுபத்தெட்டு வயதில் சியோலுக்குப் போய் முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கத்தாதே, முதலில் முழுக்கப் படி.

எல்லாம் அப்பாவின் திதியன்று ஆரம்பித்தது. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தோயுன் அம்மா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், படையலுக்குப் பின்னால் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுல புள்ளைக்கு நீங்க படைக்கிற மாதிரி ஆயிடுச்சே" என்று அழுதாள். நாற்பத்தாறு வயதில் போனவர் அப்படியேதான் இருக்கிறார், நான்தான் விடாமல் கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். திருத்திச் சொல்ல வாய் வரவில்லை, அவளோடு சேர்ந்து நானும் அழுதுவைத்தேன். அன்றிலிருந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று எனக்குத் தினமும் கிம்ச்சியும் கீரையும் வருகிறது. நன்றாகத்தான் சமைக்கிறாள். ஆனால் நானும் போன பிறகு எங்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பீர்களே, அங்கே அவருக்கு அம்மா மாதிரி உட்கார்ந்திருக்க எனக்குச் சம்மதமில்லை. என் வயதுக்காரிகள் எல்லாரும் பட்டு ஹன்போக் உடுத்திச் சாவுப் படத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். நான் எடுப்பதற்கு முன் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண் பத்து வயது குறையும் என்றாள், இருபது குறையாதா என்று மீன் கடையில் கேட்கிற மாதிரி கேட்டேன். காதுக்கு முன்னால் தொடங்கிப் பின்பக்கம் முடிக்குள் போகும்வரை கீறி, உள்ளே தளர்ந்ததை இழுத்துக் கட்டி, மிஞ்சிய தோலை வெட்டித் தைப்பார்களாம். வீங்கும், கன்றும், காது மரத்துப்போகும், முதுமை அதன் பாட்டுக்கு மறுபடி வரும் என்று டாக்டர் எல்லாம் சொன்னார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். கண் விழித்தால் தாடையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு, காதுக்குப் பின்னால் ரத்தம் வடியக் குழாய். கட்டைப் பிரித்தபோது ஆவியில் வெந்த கொழுக்கட்டை ஒன்று கண்ணாடியிலிருந்து என்னைப் பார்த்தது. கன்றல் மஞ்சளாகிக் கழுத்துக்கு இறங்கியது. சாய்ந்தபடியே தூக்கம், கஞ்சிதான் சாப்பாடு, வீக்கம் வடியப் பூசணிச் சாறு. போனைக் காதில் வைத்தால் அடுத்தவர் காதில் வைத்த மாதிரி இருந்தது. தோயுன் அம்மாவிடம் பல் பிடுங்கினேன் என்றேன், எத்தனை பல் என்று கேட்டாள்.

வீக்கம் வடிந்து தையல் கோடு மங்கிய பிறகு, அப்பா படத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன், அதே அளவில் வேண்டுமே. எடுத்து முடித்ததும் போட்டோக்காரர், "வயசெல்லாம் கம்ப்யூட்டர்லயே குறைச்சிடுவோம்மா, எவ்வளவு குறைக்கணும்னு சொல்லுங்க" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது, அதற்கும் டாக்டர் அனுமதியில்லை. இப்படியே இருக்கட்டும் என்றேன். பிறகு அப்பா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இவரு உங்க தம்பிங்களா?" என்று கேட்டார். அம்மாவிலிருந்து அக்காவாக இறங்குவதற்கா இத்தனை பாடு என்று நினைக்கிறேன், அதற்குள் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தம்பி இல்லைங்க, புருஷன்."

அந்த வார்த்தை என்னுடையதில்லை நாயோங், உன் அப்பாவுடையது. நான் அவரைவிட மூன்று வயது பெரியவள் என்பது உனக்குத் தெரியும், இது தெரியாது. நாங்கள் சும்மா பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சூப் கடையில் கடைக்காரம்மா என்னைப் பார்த்து, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சொன்னார். கல்யாணத்தைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதற்குப் பிறகும் தனியாக என்னைக் கேட்கவில்லை. ஸ்டூடியோவில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தைத்த இடமெல்லாம் இழுத்தது. வீட்டுக்கு வந்து தோயுன் அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். மறுநாளே வந்து ஆஸ்பத்திரி விலாசம் கேட்டாள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் ஒன்றாக வாழ வேண்டும், வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என் படம் அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி இருக்கிறது, அவசரமில்லை. அந்த நாள் வரும்போது அப்பா படத்தை ஒட்டினாற்போல் வை, நடுவில் பூச்சாடி எதுவும் வேண்டாம்.

உன் அம்மா,
பேக் கும்ரே