கடல் பக்கச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டிவிட்டார்கள். மூன்று பக்கம் கடிகார முகம், கடல் பக்கம் மட்டும் மொட்டைச் சுவர். அதையும் வட்டமாக உடைத்து நாலாவது முகம் வைக்கிறார்களாம். வேலைக்குப் பொறுப்பு என் மகளைக் கட்டியவர்.

"மீனுக்கு எதுக்கு மணி காட்டணும்?" என்றேன்.

"பழைய படத்துல நாலு முகம் இருக்கு, மாமா."

படம்! முப்பத்தொரு வருடம் தினமும் ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவன் நான். மோட்டார் வைத்தபோதும் என்னைக் கேட்கவில்லை. உச்சிக்குப் போகும் கல்படிகள் அந்தச் சுவரில்தான் செருகி நிற்கின்றன. துளைத்தால்?

சாரத்திலிருந்து மேஸ்திரி, "மீசைக்காரரே, சௌக்கியமா?" என்றார். மீசையை முறுக்கிவிட்டு நடந்தேன்.

மார்ச் 6

இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துத் தரையில் படிகளைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தேன். மனைவி மிதித்துக்கொண்டே போகிறாள்.

மார்ச் 7, வெள்ளி

மகள் வீட்டில் வாயை விட்டுவிட்டேன். "அந்தச் சுவத்துல என்னைக்காவது வட்டம் இருந்திருந்தா என் மீசையை எடுத்துடறேன்!"

"அப்பா, அவர் படிச்சவர்ப்பா."

"நான் படி ஏறினவன்."

திரும்பும் வழியெல்லாம் மனைவி புலம்பல். "மாப்பிள்ளைகிட்டயா பந்தயம்? மீசை இல்லாத மூஞ்சிய நான் பாத்ததே இல்லையே!" அவள் கவலை அவளுக்கு.

மார்ச் 10

நாளை சுவரின் காரையைச் சுரண்டுகிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

காரை உதிர உதிர முதலில் ஒரு வளைவு. பிறகு முழு வட்டம் — செங்கல்லைக் குத்துக்குத்தாக நிறுத்திய வளையம், உள்ளே வேறு நிறச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது.

இருந்திருக்கு. வட்டம் இருந்திருக்கு! முப்பத்தொரு வருசம் தோளை உரசிக்கிட்டு ஏறினேனே, தெரியலையே — என்ன கண்ணு இது?

மார்ச் 12

மருமகன் வந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"அடைச்ச செங்கல்லுக்குள்ளதான் நாலு படியோட முனை இருக்கு, மாமா. முகத்தை மூடின பிறகுதான் கல்படி போட்டிருக்காங்க. கை வெச்சா படி விழுந்துடும். உடைக்கல."

பிறகு, "ஏன் மூடினாங்க?" என்றார்.

உப்புக்காற்றா? முள் துருப்பிடித்ததா? ஏதாவது கதை அளந்துவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"தெரியாது" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பந்தயத்தை விடுங்க, மாமா" என்றார்.

விடுவதா?

மார்ச் 13, வியாழன்

காலையில் கடற்கரைக்குப் போனேன். கடல் பக்கச் சுவருக்குப் புதுப் பூச்சு. வட்டம் பாதி மறைந்துவிட்டது.

"பெரியவரே, யாருங்க நீங்க? தள்ளி நில்லுங்க, காரை தெறிக்கும்" என்றார் மேஸ்திரி.

தள்ளி நின்றேன். மேலுதட்டில் காற்று ஜில்லென்று பட்டது.