நல்ல காலில் கட்டிய கட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, இந்த முறை அதைக் கேள்வியாகவே விடுகிறேன். போனில் நீ சிரித்துவிட்டால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும், அதனால்தான் கடிதம். பேச்சு எங்கெங்கோ போய்விடாமல் இருக்க முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டு நலம்.
2. உன் முழங்கால்.
3. அது உன் கால், உன் தொழில். நான் தலையிடக் கூடாது.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, என் சட்டைக் கறைகளுக்கு இனி தப்பிக்க வழியில்லை. தங்கச்சி ஆளுயரத்துக்குத் தெரியணும் என்று உன் அண்ணன் பெரிய டிவி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். உங்கள் வாலிபால் அரையிறுதி ஆட்டத்தை அதில்தான் பார்த்தோம். வெளியே மழை, மதியமே அறை மங்கியிருந்தது, எனக்குப் பாதித் தூக்கம். நீ வலைக்கு மேலே எழும்பியதை மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். பந்து அப்படியே நிற்கிறது, நீயும் நிற்கிறாய், தரை என்று ஒன்று இருப்பதே உனக்கு ஞாபகமில்லாததுபோல. இவள் இறங்காமல் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். அம்மா, "பறக்குறா பாருங்க" என்றாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏண்டா, பந்து எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாம மேட்ச் பாக்குற ஒரே ஆளு உங்கப்பாதான்டா" என்று அண்ணனிடம் என்னைப் போட்டுக்கொடுத்தாள்.

கட்டு உன் இடது முழங்காலில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இடது கால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. வலதை, தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல, பிறகு மெல்ல வைக்கிறாய். போனில் கேட்டதற்கு, "எதிர் டீம்காரங்க கட்டைப் பாத்துதான்பா பந்த அடிப்பாங்க, அவங்கள ஏமாத்தத்தான்" என்றாய். சரி, உங்கள் அணி டாக்டரும் கட்டுப் போட்ட காலைத்தானே அமுக்கிப் பார்த்தார் என்றேன். அப்புறம், "ஃபைனல் முடியட்டும்பா. இப்ப சொன்னா பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க, அடுத்த வருஷம் என்னைய எடுக்கவும் மாட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றாய். நான் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கப் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன் நான். ஒரு தூண் தளர்ந்தால் பக்கத்துத் தூண் சத்தமில்லாமல் அதன் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும் என்பது தெரியும். ஆனால் முழங்கால் தூண் இல்லையே. மைதானத்தில் கால் வைக்காதவன் என்ன யோசனை சொல்வது என்றுதான் மூன்றாவதை எழுதினேன். அதற்குக் காரணங்களும் யோசித்து வைத்திருந்தேன்.

காரணங்களை எழுதுமுன் எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று இன்று காலை அந்த ஆட்டத்தை மறுபடி போட்டேன். உன்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தேன். உனக்குப் பின்னால் நிற்கும் குட்டைப் பெண், நீங்கள் சுண்டெலி என்று கூப்பிடுவீர்களே, அவள் தன் இடத்தை விட்டு ஓடி ஓடி உன் வலது பக்கப் பந்தையெல்லாம் எடுக்கிறாள். அவளுக்கு உன் கால் விஷயம் தெரியுமோ தெரியாதோ. ஜெயித்ததும் எல்லாரும் உன்னைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், அவள் மட்டும் ஓரமாக, முட்டியில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். யாரும் பார்க்கவில்லை. திரையில் ஒரு கணம்தான் வந்து போனாள்.

நன்றாகச் சாப்பிடு, தூங்கு. என் ஆசியும் அம்மாவின் ஆசியும் எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றை மறக்காதே: இதைப் படித்ததும் டாக்டரிடம் போய் வலது காலை நீட்டு. பெஞ்சில் உட்கார வைத்தால் உட்கார்ந்துகொள். அது உன் கால் மட்டும் என்று நினைத்துவிட்டேன் மகளே. மூன்றாவதாக எழுதியது தப்பு.

அன்புடன்,
அப்பா