மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

ஜூன் 11, புதன்

இன்றைய பேப்பரில் நாற்பத்தொரு செய்திகள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஏல அறிவிப்பு, தண்ணீர் பம்ப் விளம்பரம், யாரோ தொலைத்த பச்சைக் குடை உட்பட. இந்த ஊர்ப் பேப்பருக்கு நான்கே பக்கம். அடுக்களையில் பால் பொங்குவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். அதனால் நான் மெதுவாகப் படிக்கப் பழகியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மாற்றல் கிடைத்து, இங்கே வந்து மூன்று மாதம். அப்பா கடல் தாண்டி வேலை பார்க்கிறார். ஞாயிறு நான்கு மணிக்கு போன் செய்வார்.

பள்ளியில் யாருமே என்னிடம் பேசுவதில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இடைவேளையில் நான் பேப்பரை விரித்ததும் கடைசி பெஞ்ச்காரி பேசினாள். "ஏய் பேப்பர்காரி, பழைய பேப்பர் கிலோ என்ன விலைக்கு எடுக்கிற?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குள் அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

ஜூன் 14, சனி

வந்துவிட்டது! மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி, 'வாசகர் குரல்'. பள்ளி விடுவது நாலே முக்காலுக்கு, நூலகம் மூடுவது ஐந்து மணிக்கு. ஓடிப் போனாலும் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தேன். ஒரு வரிகூட வெட்டவில்லை. கீழே 'ஜன்னலோர வாசகி'. நான்தான். எங்கள் மாடி அறையில் மேஜை போட இடம் இருந்தது ஜன்னலோரத்தில் மட்டும்தான்.

அம்மா சீருடையைக்கூட மாற்றாமல் நின்றபடியே படித்தாள். "நல்லாதான்டி எழுதியிருக்கே," என்றாள். பிறகு தூங்கிப் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

எனக்கு ஒரு பதில்! அதே பத்தியில். 'பழைய ஸ்டேஷன் மாஸ்டர்' எழுதியிருக்கிறார்:

"ஜன்னலோர வாசகி சொல்வது முற்றிலும் சரி. ரயில் கிளம்பிய பிறகு டிக்கெட் கொடுப்பதுபோல் இருக்கிறது நூலகத்தாரின் செயல்."

ஐந்து முறை படித்தேன். இந்த ஊரில் ஒரு மனிதர் நான் எழுதியதைப் படித்து, யோசித்து, பேனாவை எடுத்திருக்கிறார். எந்தத் தெருவாக இருக்கும்? சாயங்காலம் கண்ணாடி போட்ட வயதானவர்கள் எல்லாரையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவர், "என்னம்மா, என்னைத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

தெருவிளக்குகள் பற்றிய என் கடிதமும் வந்து, அதற்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பதில் எழுதிவிட்டார். ஆக இரண்டு. சிக்னல் விளக்கு அணைந்த ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்லியிருந்தார். எவ்வளவு அழகு!

நாலு மணிக்கு அப்பா. "என்னடா தங்கம், ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?" ஒருத்தர் கிடைத்திருக்கிறார் என்று ஆரம்பித்தேன். லைன் கட்டாகிவிட்டது. ஆறு மணி வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

தபால் நிலைய வாசலில் இருக்கும் கடிகாரம் பதினொரு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்று எழுதிய கடிதம் இன்று வந்தது. அதற்கு நேர் கீழே ஸ்டேஷன் மாஸ்டர்: "கடிகாரத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் வாசகியின் பதினொரு நிமிடக் கணக்கை ஆமோதிக்கிறேன்."

சந்தோஷமாக வெட்டி நோட்டில் ஒட்டினேன். பசை காய்வதற்குள் — 

இருங்கள். என் கடிதம் வந்ததே இன்றுதான். காலை ஆறரைக்குத்தான் பேப்பரே கதவடியில் விழுந்தது. அவர் எப்படி அதற்கு முன்பே படித்தார்? படிக்காத கடிதத்துக்கு ஒருவர் எப்படிப் பதில் எழுத முடியும்?

ஜூன் 27, வெள்ளி

பள்ளி விட்டதும் நேராகப் பத்திரிகை அலுவலகம் போனேன். பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். பேட்டரி கடைக்குப் பின்னால் இரண்டே அறை. ஒரு அக்கா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாளைய பேப்பருக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். நோட்டை விரித்து, ஒட்டிய பக்கத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஒரே நாள்லயா போட்டுட்டேன்? அவசரத்துல கவனிக்கல. நீதான் ஜன்னலோர வாசகியா? நான் யாரோ ரிட்டயர்டு டீச்சர்னு நினைச்சேன்!"

"ஸ்டேஷன் மாஸ்டர் எங்க இருக்காரு?"

"உன் முன்னாடிதான் உக்காந்திருக்காரு."

அக்கா ஒரு நாற்காலியில் குவிந்திருந்த பேப்பர்களைத் தள்ளி இடம் கொடுத்தார்.

"என்ன செய்றதும்மா? தினமும் அந்தப் பத்தி நிறையணும். லெட்டர் வந்தாதானே போட முடியும்?"

"அப்போ 'கோபக்கார வாசகர்'?"

"நான்தான்."

"'இரு குழந்தைகளின் தாய்'?"

"அதுவும் நான்தான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"நிஜமா எத்தனை பேர் எழுதுறாங்க?"

அக்கா கீபோர்டைத் தள்ளி வைத்தார். "நீ," என்றார்.

அடுத்த மாதக் கடைசி வரை பார்ப்பாராம் ஆசிரியர். அப்படியே இருந்தால் அந்த இடம் மனை விற்பனை விளம்பரத்துக்குப் போய்விடுமாம். போகட்டும். எனக்கென்ன?

வீட்டுக்கு வந்து நோட்டிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரைப் பிய்த்தேன். நல்ல பசை. பாதிதான் வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

அதே பத்தியில்: "சில நாட்களாக ஜன்னலோர வாசகியைக் காணோம். நலம்தானே? — பழைய ஸ்டேஷன் மாஸ்டர்."

எதுக்கு இப்படிப் பண்றாங்க? நான் ஒண்ணும் குழந்தை இல்ல. அழவும் இல்ல. அழுதேன்.

ஜூலை 5, சனி

நேற்று ஒரு சைக்கிள்காரர் என்னை இடிக்கப் பார்த்தார். தபால் நிலையத் திருப்பத்தில் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு தையல் மெஷின் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் மேல் கட்டிய நீலத் தார்ப்பாய் தெரியும். இங்கே வந்த நாளிலிருந்து அது தெரிகிறது. இதுவரை அதற்காக நான் கோபப்பட்டதில்லை. இப்போது யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

எழுதினேன். 'பிள்ளைகள் நடக்கும் பாதை யாருக்கும் சொந்தமில்லை, மெஷினை அகற்ற வேண்டும்' என்று. கூடவே அக்காவுக்கு ஒரு சீட்டு: "இதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் பதில் எழுதக் கூடாது. கோபக்காரரும் கூடாது. தாயும் கூடாது. யாரும் எழுதாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கட்டும்." அலுவலக வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன். உள்ளே போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கடிதம் வந்திருக்கிறது. அதன் கீழே வெள்ளையாக ஒரு கட்டம், என் உள்ளங்கை அளவு. அக்கா வாக்குக் காப்பாற்றிவிட்டார்.

ஜூலை 9, புதன்

காலி.

ஜூலை 10, வியாழன்

காலி. கடைசி பெஞ்ச்காரி இன்று பள்ளிக்கு வரவில்லை. கிண்டலும் இல்லை. அந்த அமைதிகூட எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

ஜூலை 11, வெள்ளி

காலி. காலிக் கட்டத்தையும் வெட்டி ஒட்டலாமா என்று யோசித்தேன்.

ஜூலை 12, சனி

அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஜன்னலோர வாசகிக்கு. நீங்கள் எழுதியது தப்பு. நான் பதினேழு வருஷமாக அதே இடத்தில் தைக்கிறேன். நான் நடைபாதைக்கு வரவில்லை, நடைபாதைதான் என்னிடம் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் தெரியும். இறங்கி வந்து பார்க்கவும். — தையல்காரி."

உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இதுவும் அக்காவின் வேலையா? நாட்களை எண்ணினேன். என் கடிதம் வந்தது செவ்வாய். இது சனி. நடுவில் மூன்று முழு நாள்: ஒருவர் படிக்கவும், கோபப்படவும், காகிதம் தேடவும் வேண்டிய நேரம். தவிர, ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாளும் என்னை மறுத்துப் பேசியதில்லை.

எனக்குத் திட்டு விழுந்திருக்கிறது. ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்?

ஜூலை 13, ஞாயிறு

மூன்றரை மணிக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு அம்மா, வாயில் இரண்டு குண்டூசி. காலடியில் ஸ்டூல் போட்டு, சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு — கடைசி பெஞ்ச்காரி!

"அம்மா, இதான் எங்க கிளாஸ் பேப்பர்காரி," என்றாள். என் கையிலிருந்த மூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஏய்... நீயா அது?"

நான் தலையாட்டினேன். ஓடிவிடலாமா என்றிருந்தது.

தையல்காரம்மா குண்டூசிகளை எடுத்துவிட்டு, "வந்துட்டியா? குனிஞ்சு பாரு," என்றார். குனிந்தேன். மெஷினுக்கு அடியில் நாலு சிவப்புத் தரைக்கல். நடைபாதையில் வேறெங்கும் அந்தக் கல் இல்லை.

"என் கடையோட தரை இது. ரோட்டை அகலமாக்கறேன்னு சுவரை இடிச்சாங்க. தரையை விட்டுட்டாங்க. நான் எங்க போவேன், சொல்லு?"

ஜன்னலிலிருந்து தார்ப்பாய்தான் தெரியும். கல் தெரியாது. "நான் எழுதினது தப்புதான்," என்றேன். "ஆனா அன்னைக்கு ஒரு சைக்கிள் என்னை இடிக்க வந்துச்சு. அதுவும் நிஜம்."

"விடமாட்டா போலிருக்கே!" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ சுவரை இடிச்சவங்களுக்கு எழுது. கையெழுத்து நானும் போடறேன்."

"மெஷின் சத்தத்துல இவ என்னத்த எழுதுவா?" என்றாள் கடைசி பெஞ்ச்காரி. ஆனாலும் ஸ்டூலில் பாதி இடம் விட்டு நகர்ந்தாள். கடிதத்தை அங்கேயே எழுதினோம். அவள் சொன்ன இரண்டு வரி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்கே கொஞ்சம் பொறாமை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கடி போனே? நாலு மணிக்கு அப்பா போன் பண்ணி உன்னைத்தான் கேட்டாரு. மறந்தே போச்சா?"

மறந்தே போயிருந்தது.